160 ஏக்கர்: அமெரிக்க மேற்குக் குடியேற்றத்தின் காரணங்களும் விளைவுகளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அட்லாண்டிக் கரையோரத்திலும் அதையடுத்த அப்பலாச்சியன் மலைத்தொடரின் கீழைச் சரிவிலும் பெரும்பாலும் அடங்கியிருந்த ஒரு மக்கள்தொகை, நூறாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கண்டத்தின் குறுக்கே பசிபிக் கரைவரை பரவியது எதனால், அதனால் விளைந்தது என்ன என்னும் கேள்வி அமெரிக்க வரலாற்றெழுதியலின் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். குடியேறிகளின் உழுநிலம் முடிந்து, சதுர மைலுக்கு இரண்டு பேர்கூட இல்லாத நிலம் தொடங்கும் நகரும் விளிம்பையே அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘எல்லைப்புறம்’ எனக் கொண்டிருந்தது. அத்தகைய தொடர்ச்சியான விளிம்பு இனி இல்லை என 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிவிக்க, அதை அடியொற்றி 1893இல் சிகாகோவில் கட்டுரை படித்த பிரெடரிக் ஜாக்சன் டர்னர், அமெரிக்கரின் தனிமனித உணர்வும் மக்களாட்சிப் பழக்கமும் இந்த விளிம்பிலேயே உருவாயின என வாதிட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்களை ஆண்ட அவ்வாதம், கணக்கில் இரண்டு பேர்கூட இல்லை என எழுதப்பட்ட நிலத்தில் எண்ணப்படாதவர்கள் எத்தனை பேர் இருந்தனர் என்று கேட்கவில்லை; குடியேறியவரின் துணிவைப் பேசிய அளவுக்கு அவருக்கு நிலத்தை அளந்து கொடுத்த அரசைப் பேசவுமில்லை. பாட்ரிசியா லிமரிக் 1987இல் வெளியிட்ட நூலும் அதையொட்டி எழுந்த ஆய்வுகளும் மேற்கின் வரலாற்றை வெற்றிகொள்ளலின் வரலாறாகத் திருப்பி எழுதிய பின்னர், இக்கேள்வியை நில அளவை, சட்டம், நீர் ஆகியவற்றின் வழியாக அணுகுவதே கூடுதல் பயன் தருவதாகத் தோன்றுகிறது.

கிழக்கிலிருந்து மக்களை வெளியே தள்ளிய காரணங்கள் பெரும்பாலும் நிலத்தைச் சார்ந்தவையே. நியூ இங்கிலாந்தின் கல் நிறைந்த சிறு பண்ணைகளை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் எவர் பங்கும் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்ற நிலை மூன்றாம் தலைமுறைக்குள் வந்துவிட்டது. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் ஓய்வின்றிப் புகையிலை பயிரிட்டதால் மண் வளமிழந்தது. தெற்கில் பருத்தி விலை ஏறியபோது, அடிமைகளை உடைமையாகக் கொண்ட தோட்ட முதலாளிகள் அவர்களையும் ஓட்டிக்கொண்டு அலபாமா, மிசிசிப்பி நோக்கி நகர்ந்தனர். இவ்வடிமைகளின் இடப்பெயர்வும் மேற்கு நோக்கிய குடிப்பெயர்வே. ஆனால் அவர்களுள் எவரும் விரும்பிச் சென்றவர் அல்லர் என்பதால், குடியேற்றத்தின் காரணங்களைப் பட்டியலிடும் நூல்கள் நெடுங்காலம் அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1819இலும் 1837இலும் வங்கிகள் முறிந்து விளைபொருள் விலை சரிந்தபோது, கடனில் மூழ்கிய உழவர்கள் இருப்பதை விற்று வண்டி கட்டினர்.

ஆனால் தள்ளிய காரணங்களைவிட இழுத்த காரணத்தின் தன்மையே நுணுகி நோக்கத்தக்கது, ஏனெனில் அது பெரும்பாலும் அரசால் ஆக்கப்பட்டது. மலைக்கு மேற்கே எவரும் குடியேறலாகாது என்று 1763இல் பிரிட்டிஷ் அரசு பிறப்பித்த ஆணை குடியேற்றவாசிகளின் மனக்குறைகளுள் ஒன்றாகி விடுதலைப் போருக்கு உரமிட்டது. விடுதலைக்குப் பின் வந்த புதிய அரசுக்கோ போர்க்கடன் இருந்தது, வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. விற்பதற்கு நிலம் மட்டுமே இருந்தது. ஆகவே 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம், ஒஹையோ ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் கொண்ட வட்டாரங்களாகவும், ஒவ்வொரு வட்டாரத்தையும் 640 ஏக்கர் கொண்ட 36 சதுரங்களாகவும் பிரித்து அளக்கச் செய்து, அவற்றுள் 16ஆம் சதுரத்தைப் பள்ளிக்கென ஒதுக்கியது. மேடு, பள்ளம், ஓடை, மண்ணின் தரம் எதையும் பாராது காந்தமுள்ளும் சங்கிலியும் கொண்டு வரையப்பட்ட இக்கட்டங்கள், நிலத்தைப் பார்க்காமலேயே அதை விற்கவும் வாங்கவும் அடகு வைக்கவும் வழி செய்தன. இரண்டாண்டுகளுக்குப் பின் வந்த வடமேற்குச் சட்டம், ஒரு பகுதியில் 60,000 குடிகள் சேர்ந்ததும் அது பழைய மாநிலங்களுக்கு நிகரான மாநிலமாகலாம் என விதித்தது. மேற்கே செல்பவர் குடியுரிமையை இழந்து செல்லவில்லை, அதைச் சுமந்துகொண்டே செல்கிறார் என்னும் உறுதி இதனால் கிடைத்தது.

தொடக்கத்தில் 640 ஏக்கருக்குக் குறைவாக விற்பதில்லை, ஏக்கருக்கு ஒரு டாலருக்குக் குறைவான விலையுமில்லை என்ற விதி, சிறு உழவரை வெளியே நிறுத்தி ஊக வணிகரை, அதாவது விலையேற்றத்தை நம்பி வாங்கிப் போடுவோரை, உள்ளே விட்டது. அடுத்த அரை நூற்றாண்டின் நிலச் சட்டங்கள் இவ்விரு தரப்பாருக்கும் இடையே நடந்த இழுபறியின் பதிவுகளே. குறைந்தபட்ச அளவு 1820க்குள் 80 ஏக்கராக இறங்கியது; விலை 1.25 டாலராயிற்று. பட்டா இல்லாமலேயே அரசு நிலத்தில் அமர்ந்து உழுதுகொண்டிருந்தவர்கள் சங்கம் கூட்டி, ஏலத்தில் வெளியார் எவரும் விலை கேட்காதபடி காவல் நின்றனர். அவர்களது வலிமைக்கு இணங்கி 1841ஆம் ஆண்டின் முன்னுரிமைச் சட்டம், அமர்ந்திருப்பவரே ஏலத்துக்கு முன்னர் 160 ஏக்கர்வரை குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றது. ஒரு சதுரத்தின் கால் பங்காகிய இந்த 160 ஏக்கர், அளவோடு மழை பெய்யும் ஒஹையோ, இல்லினாய் போன்ற பகுதிகளில் ஒரு குடும்பம் உழுது வாழப் போதுமானதே. அதே அளவு, மழையற்ற மேற்கிலும் மாறாமல் தொடர்ந்ததே பின்வந்த பல இடர்களுக்கு வேராயிற்று.

1803இல் பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு லூசியானா வாங்கப்பட்டதும், 1846இல் பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கையால் ஒரிகன் கிடைத்ததும், மெக்சிகோவுடனான போரின் முடிவில் 1848இல் கலிபோர்னியாவும் தென்மேற்கும் பறிக்கப்பட்டதும் வரைபடத்தை விரித்தன. கண்டம் முழுவதும் பரவுவது இறைவன் வகுத்த ஊழ் என 1845இல் இதழாசிரியர் ஜான் ஓசல்லிவன் எழுதிய கருத்து இவ்விரிவுக்கு மேற்பூச்சாயிற்று. மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஒரிகன்வரை ஏறத்தாழ 2,000 மைல் தொலைவை எருது பூட்டிய வண்டிகள் ஐந்து, ஆறு மாதங்களில் கடந்தன. 1843இல் ஏறத்தாழ 1,000 பேர் ஒருசேரப் புறப்பட்ட பின்னரே அது பெருவழியாயிற்று. வண்டியும் எருதுகளும் அரையாண்டு உணவும் வாங்கப் பல நூறு டாலர் தேவைப்பட்டதால், இவ்வழியில் சென்றோர் பரம ஏழைகள் அல்லர். கிழக்கில் ஒரு சிறு பண்ணையை விற்றுக் கையில் காசு பார்த்தவர்களே. மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் மலேரியாக் காய்ச்சலுக்குத் தப்பிக்கக் கிளம்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். வழியில் அவர்களைக் கொன்றது பெரும்பாலும் காலராவும், ஆற்றைக் கடக்கும்போது நேர்ந்த விபத்துகளும், தவறுதலாக வெடித்த துப்பாக்கிகளுமே. 1840 முதல் 1860 வரையிலான இருபதாண்டுகளில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 400க்கும் குறைவு என்றும், பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் அதைவிடக் கூடுதல் என்றும் வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ கணக்கிட்டுள்ளார். திரைப்படங்கள் ஊட்டிய சித்திரத்தை இக்கணக்கு இன்றுவரை அசைத்ததாகத் தெரியவில்லை.

சமயத்தால் பெயர்ந்தவர்களாக மார்மன்களைக் குறிப்பிட வேண்டும். அவர்களது நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1844இல் இல்லினாயில் கும்பலால் கொல்லப்பட்ட பின்னர், பிரிகம் யங் தலைமையில் 1847 ஜூலையில் உப்பேரியின் அருகே வந்திறங்கிய அச்சமூகத்தார், வந்தவுடனேயே மலையோடையை மறித்து வாய்க்கால் வெட்டினர். நீரைத் தனியுடைமையாக்காமல் ஊருக்குப் பொதுவாக வைத்துப் பங்கிட்டதும், நீர் பாயும் அளவுக்கேற்ப வயல்களைச் சிறிதாக வகுத்ததும், அரசின் கட்டங்களிலிருந்து விலகிய வேறொரு குடியேற்ற முறை சாத்தியமே என்பதற்குச் சான்றாக நின்றன. அவ்வளவு பொறுமை தேவைப்படாத வேட்கை தங்கம். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில் பொன் துகள் தென்பட்டு, ஒன்பது நாள் கழித்தே அம்மண்ணை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் மெக்சிகோ கையொப்பமிட்டது. அடுத்த ஏழாண்டுகளில் ஏறத்தாழ 3,00,000 பேர் அங்கே குவிந்தனர்; தோண்டியவரைவிட அவர்களுக்கு மண்வெட்டியும் மாவும் விற்றவர் நிலைத்தனர் என்பது அனைவரும் அறிந்த கதை.

தங்கத்தைவிட நீடித்த விளைவு தந்தது 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம். இலவச நிலம் சிறு உழவரைப் பெருக்கி அடிமை முறைக்கு இடமில்லாமல் செய்துவிடும் என அஞ்சிய தென்மாநில உறுப்பினர்கள் இதை ஆண்டுக்கணக்கில் தடுத்து வந்தனர். 1860இல் குடியரசுத் தலைவர் புக்கானன் இதை மறுத்துத் திருப்பினார். தென்மாநிலங்கள் பிரிந்து சென்று அவர்களது இருக்கைகள் காலியான பின்னரே லிங்கனின் கையொப்பம் கிடைத்தது. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கரில் வீடு கட்டி, உழுது, ஐந்தாண்டுகள் தங்கினால், சிறு கட்டணம் மட்டும் செலுத்திப் பட்டா பெறலாம். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும், குடிமகனாக விருப்பம் பதிவு செய்த வெளிநாட்டாரும் இதற்கு உரியோராயினர். இச்சட்டம் நடப்பிலிருந்த காலம் முழுவதிலும் ஏறத்தாழ 16 லட்சம் பட்டாக்கள், 27 கோடி ஏக்கர், அதாவது நாட்டின் மொத்த நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு வழங்கப்பட்டது. பொய்ப் பெயர்களில் நிலம் சுருட்டிய மோசடியே இதில் பெரும்பகுதி என முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் எழுதினர். பட்டா ஆவணங்களை ஊர் ஊராக எடுத்துச் சோதித்த அண்மைக்கால ஆய்வாளர்கள் மோசடியின் அளவு மிகைப்படுத்தப்பட்டது என்கின்றனர். எவ்வாறாயினும் நிலம் இலவசம் என்பதால் பண்ணை இலவசமாகிவிடவில்லை. எருது, கலப்பை, விதை, கிணறு, வேலி எனச் செலவு செய்ய இயலாத நகரத்துக் கூலித் தொழிலாளருக்கு 160 ஏக்கர் எட்டாக்கனியாகவே இருந்தது. மேற்கு நிலம் கிழக்கின் தொழிலாளர் கொந்தளிப்புக்கு வடிகாலாயிற்று என்னும் பழைய கோட்பாடு இக்காரணத்தாலேயே நிலைக்கவில்லை.

அதே 1862இல் நிறைவேறிய பசிபிக் ரயில் சட்டமும் அதன் பின்வந்தவையும், தண்டவாளத்தின் இருமருங்கிலும் ஒன்றுவிட்டு ஒரு சதுரமாக நிலத்தை ரயில் நிறுவனங்களுக்கு மானியமாக அளித்தன; அவ்வாறு நடுவண் அரசு வழங்கியது மொத்தம் 13 கோடி ஏக்கர் அளவினது. சீனத் தொழிலாளர்கள் மலை குடைந்தும் ஐரிஷ் தொழிலாளர்கள் சமவெளியில் தண்டவாளம் பதித்தும் கட்டிய பாதை 1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமண்டரியில் இணைந்தது. மானிய நிலத்தை விற்றாலன்றி முதலீடு திரும்பாது, விளைச்சல் இல்லையேல் சரக்குக் கட்டணம் வராது என்பதால், ரயில் நிறுவனங்கள் ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் முகவர்களை அமர்த்திக் குடியேறிகளைத் திரட்டின. ரஷ்யாவிலிருந்து 1874 முதல் கான்சஸுக்கு வந்த ஜெர்மானிய மென்னோனைட்டுகள் கொணர்ந்த குளிர்காலக் கோதுமை அம்மாநிலத்தின் வேளாண்மையையே மாற்றியது. சமவெளிக் கோதுமை கப்பலேறி ஐரோப்பியச் சந்தையில் விலையைச் சரித்தபோது, அங்கே நொடித்த உழவர்களுள் பலர் அதே சமவெளிக்குக் கப்பலேறினர். தெற்கிலோ, உள்நாட்டுப் போருக்குப் பின்வந்த சீரமைப்புக் காலம் முடிந்து வெள்ளையர் வன்முறை தலைதூக்க, 1879இல் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் கான்சஸ் நோக்கிப் புறப்பட்டன. அவர்களுக்கு முன்னரே, 1877இல், நிகோடெமஸ் என்னும் கறுப்பினத்தவர் ஊர் அங்கே அமைந்திருந்தது.

இக்குடியேற்றம் முழுவதும், நூறாவது தீர்க்கரேகையைத் தாண்டியதும் வேறொரு நிலத்துக்குள் நுழைந்தது. அக்கோட்டுக்கு மேற்கே, பசிபிக் கரையோரம் போன்ற சில பகுதிகள் நீங்கலாக, ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் குறைவு. மானாவாரியாகப் பயிர் செய்ய அது போதாது. ஆனால் 1870களின் பிற்பாதியிலும் 1880களின் தொடக்கத்திலும் மழை வழக்கத்துக்கு மேலாகப் பெய்ததால், உழுத நிலம் ஈரத்தை ஈர்த்து மழையைக் கூட்டும் என்ற கருத்து நெப்ராஸ்காவில் ஒரு பேராசிரியர் உள்ளிட்டோரால் அறிவியல் போலவே பரப்பப்பட்டது; நிலம் விற்போருக்கு அதைவிட இனிய அறிவியல் இருந்திருக்க முடியாது. உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவரும் 1869இல் கொலராடோ ஆற்றின் வழியே படகில் பயணித்தவருமாகிய ஜான் வெஸ்லி பவல், 1878இல் அளித்த அறிக்கையில் இதற்கு நேர்மாறாகக் கணக்கிட்டார்: வாய்க்கால் பாசனம் உள்ள இடத்தில் 80 ஏக்கரே ஒரு குடும்பத்துக்கு மிகுதி, பாசனமற்ற மேய்ச்சல் நிலத்திலோ 2,560 ஏக்கர் வேண்டும், எனவே சதுரக் கட்டங்களைக் கைவிட்டு நீர் ஓடும் திசைக்கேற்ப நிலத்தை வகுக்க வேண்டும் என்றார். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1893இல் லாஸ் ஏஞ்சலிஸில் கூடிய பாசன மாநாட்டில், எல்லா நிலத்துக்கும் போதிய நீர் இங்கே இல்லை எனச் சொன்னதற்காக அவர் கூச்சலிட்டு அவமதிக்கப்பட்டார். அதற்குள் 1880களின் இறுதியில் தொடங்கிய வறட்சியால் மேற்குக் கான்சஸிலும் நெப்ராஸ்காவிலும் இருந்து குடும்பங்கள் வந்த வழியே திரும்பத் தொடங்கியிருந்தன. கடனும் ரயில் கட்டணமும் நெருக்க, எஞ்சிய உழவர்களின் கோபம் 1892இல் மக்கள் கட்சியாக உருவெடுத்தது.

நிலம் எங்கிருந்து வந்தது என்பதே விளைவுகளுள் தலையாயது. தென்கிழக்கில் வேளாண்மை செய்து, தமக்கென எழுத்தும் செய்தித்தாளும் அரசமைப்பும் கொண்டிருந்த செரோக்கி மக்களின் பகுதியில் ஜார்ஜியா மாநிலச் சட்டங்கள் செல்லாது என 1832இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், 1830ஆம் ஆண்டின் அகற்றல் சட்டத்தின் கீழ் 1838-39இல் அவர்கள் படைகொண்டு மேற்கே ஓட்டப்பட்டனர்; முகாம்களிலும் வழியிலும் இறந்தோர் ஏறத்தாழ 4,000 என மதிப்பிடப்படுகிறது. கலிபோர்னியாவில் 1848இல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த பூர்வகுடிகள் 1870இல் ஏறத்தாழ 30,000 ஆயினர். அங்கே நோயோடும் பட்டினியோடும், மாநில அரசே செலவை ஏற்ற கொலைப் படைகளும் சேர்ந்துகொண்டன. சமவெளியில் கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன் என்னும் காட்டெருமையின் தோலைப் பதனிடும் முறை 1871 அளவில் கைவந்ததும், தொழில்முறை வேட்டையர் பதினைந்தாண்டுகளுக்குள் அதை ஆயிரத்துக்கும் கீழே கொணர்ந்தனர். உணவும் கூரையும் உடையும் அதிலிருந்தே பெற்ற லகோட்டா, செயென் மக்கள் போரில் தோற்பதற்கு முன்பே பசியால் தோற்றனர்.

எஞ்சியவர்களுக்கும் அதே அளவுகோல் வந்து சேர்ந்தது. 1887ஆம் ஆண்டு டாவ்ஸ் சட்டம், இனக்குழுக்களுக்குப் பொதுவாக இருந்த ஒதுக்கிடங்களைக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுத்து, மீந்ததை ‘உபரி’ எனக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. பூர்வகுடிகளை உழவராக்கி நாகரிகப்படுத்துவதே இதன் நோக்கம் என இதை ஆதரித்த சீர்திருத்தவாதிகள் மனமார நம்பினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்களது நிலம் 1934இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. தென்கிழக்கிலிருந்து துரத்தப்பட்டோருக்கு என்றென்றைக்குமாக அளிக்கப்பட்ட ஒக்லஹோமாவிலேயே, 1889 ஏப்ரல் 22 நண்பகலில், துப்பாக்கி ஒலி கேட்டதும் ஏறத்தாழ 50,000 பேர் நிலம் பிடிக்க ஓடினர்.

பிற விளைவுகளைச் சுருக்கமாகவே கூறலாம். புதிய பகுதிகளில் அடிமை முறை செல்லுமா என்ற சச்சரவு 1854க்குப் பின் கான்சஸில் குருதி சிந்தி உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்தது. பெண்கள் குறைந்த வயோமிங் 1869இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்தது; மேற்கின் பரந்த மனத்துக்கு இதைச் சான்றாகக் காட்டுவோர், ரயில் பாதை கட்டிய சீனரை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுக்குள் வராமல் தடுக்க முதலில் குரலெழுப்பியதும் மேற்கே என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. குடியேற்றம் 1890இல் முடிந்துவிடவுமில்லை. குடியிருப்பு நிலச் சட்டத்தின் கீழ் 1900க்கு முன் வழங்கப்பட்டதைவிட அதன் பின் வழங்கப்பட்ட நிலமே கூடுதல். முதல் உலகப் போர்க்காலத்தில் கோதுமை விலை ஏற, டிராக்டர் கொண்டு தென்சமவெளியின் புல்வேர்கள் கிழித்தெறியப்பட்டன. 1930களில் மழை பொய்த்தபோது பிடிப்பற்ற மேல்மண் கருமேகமாக எழுந்தது. சமவெளி மாநிலங்களிலிருந்து அந்தப் பத்தாண்டுகளில் 25 லட்சம் பேர் வெளியேறினர்.

மேற்கின் பிணக்கு நிலத்திலிருந்து நீருக்கு மாறியதும் 1890க்குப் பிந்தைய இக்காலத்திலேயே. 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு அணை கட்டிப் பாசன நீர் வழங்கத் தொடங்கியபோது, ஒருவருக்கு 160 ஏக்கருக்கு மட்டுமே நீர் என விதித்தது. கலிபோர்னியாவின் பெரும் பண்ணைகள் அவ்விதியைப் பல்லாண்டு காலம் ஏட்டளவில் நிறுத்தின. ஓடையின் நீரை முதலில் பயன்படுத்தியவருக்கே முதலுரிமை, பின்வந்தோருக்கு எஞ்சியது மட்டுமே என்னும் முந்துரிமைக் கோட்பாடு, தங்கச் சுரங்கங்களில் தோன்றி மேற்கு முழுவதற்கும் நீர்ச் சட்டமாயிற்று. கொலராடோ ஆற்றை அதன் படுகையிலுள்ள ஏழு மாநிலங்களிடையே பங்கிட்ட 1922ஆம் ஆண்டு ஒப்பந்தம், வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்திருந்த ஆண்டுகளின் நீரோட்டத்தை அடிப்படையாகக் கொண்டதால், ஆற்றில் இல்லாத நீரையும் சேர்த்தே பங்கிட்டது; பூர்வகுடிகளுக்கு அரசு கடன்பட்டுள்ள கடமைகளை இது பாதிக்காது என்ற ஒரே வாக்கியத்தோடு அவர்களைக் கடந்து சென்றது.

ஆனால் குடியேறிகள் தம் நலனுக்காக வகுத்த முந்துரிமைக் கோட்பாடு அவர்களுக்கு எதிராகவே திரும்பக்கூடியது. மான்டானாவின் ஃபோர்ட் பெல்நாப் ஒதுக்கிடத்தைப் பற்றிய 1908ஆம் ஆண்டு வின்டர்ஸ் வழக்கில், ஒதுக்கிடம் அமைக்கப்பட்ட நாளிலேயே அதற்குரிய நீரும் ஒதுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பல இனக்குழுக்களின் நீருரிமை, சுற்றியுள்ள பண்ணைகளின் உரிமையைவிட மூத்ததாகிறது. 1963இல் கொலராடோ ஆற்று வழக்கிலும் இது உறுதி செய்யப்பட்டது. உரிமை ஏட்டில் இருப்பது வேறு, வாய்க்காலில் நீர் வருவது வேறு: நவஹோ மக்களின் நீர்த் தேவையைக் கணக்கிட்டு நிறைவேற்ற நடவடிக்கை எடுக்கும் கடமை அரசுக்கு இல்லை என 2023இல் அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் கூறியது. ஏழு மாநிலங்களும் சுருங்கிவரும் ஆற்றை மீண்டும் பங்கிடும் பேச்சில் ஈடுபட்டுள்ள இக்காலத்தில், அந்த ஆற்றுப் படுகையின் 30 இனக்குழுக்கள் தங்கள் பங்கைக் கோரி அதே மேசையில் இடம் கேட்டு வருகின்றன.